இராயக்கோட்டைக் கணவாயில் இறங்கிய படப்பெட்டி

காவேரிப்பட்டினம் என்றதும் சோழர் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளும் அன்பர்கள், கடற்கரையை விட்டுச் சற்றே மேற்கு முகமாகத் திரும்பி, கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணையின் கரையில், மாந்தோப்புகளும் தென்னஞ்சோலைகளும் சூழ, தருமபுரிப் பாதையை ஒட்டி அமைந்திருக்கும் ஒரு சிறு நகரத்தை மனத்தில் கொள்ளும்படி வேண்டுகிறேன். காவியம் பாடிய பெருமை இந்த ஊருக்கு இல்லை. நிப்பட்டுக்கும் மாம்பழத்துக்கும் மாசி மாதத்து மயானக் கொள்ளைக்கும் அக்கம்பக்கத்தில் பேர்போனது என்பதோடு அதன் கீர்த்தி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆயினும் மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்கும் பாதைகளுக்கெல்லாம் முற்றம்போல் விளங்கிய பாராமகால் சீமையில் இருந்த காரணத்தால், படைகள் மிதித்துப்போன பாக்கியம் மட்டும் அதற்குக் குறைவில்லாமல் வாய்த்தது. 1767-இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை இங்கிருந்த கோட்டையைப் பிடித்ததும், அதே ஆண்டில் ஹைதர் அலி வந்து அதனை மீட்டுக்கொண்டதும், பிறகு அவர் புதல்வர் திப்புவின் காலத்தில், 1791 ஜூலையில், மேஜர் கௌடியின் துருப்புகளிடம் கணவாய்க் கோட்டையாகிய இராயக்கோட்டை வீழ்ந்ததும், மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் ஆங்கிலேயர் வசமானதும் சரித்திரப் புத்தகங்களில் உள்ள செய்திகள். அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும், நிலத்தை அளந்து தீர்வை விதிக்கும் வேலையை இங்கேதான் தொடங்கினார்கள்.

அளவுச் சங்கிலி வந்த அந்த 1792-ஆம் ஆண்டிலேயே சித்திரக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். தாமஸ் டானியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், போர் ஓய்ந்த சூடு ஆறுவதற்கு முன்பே இந்த வழியாகப் பிரயாணம் செய்து, இராயக்கோட்டை, ஓசூர் முதலிய இடங்களைத் தீட்டி, பின்னர் லண்டனில் வெளியிட்ட தங்கள் பெருந்தொகுதியில் அவற்றைச் சேர்த்தார்கள். துர்க்கங்களின் பெயர்களை யுத்தச் செய்திகளில் படித்திருந்த இங்கிலாந்துக் கனவான்கள், அந்த மலைகள் எப்படித்தான் இருக்கும் என்று பார்த்துத் திருப்தி அடைவதற்காக அச்சடித்த படங்கள் அவை. மிகவும் அழகியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் நம்மவர்கள் தென்படும் இடம் பாறையடியிலும் மரத்தடியிலும்தான். மலையின் உயரம் இவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிவிக்க நாட்டிய அளவுகோலைப் போலவே அவர்கள் நிற்கிறார்கள். முகம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் அவர்களுக்கு இல்லை. இந்தச் சீமையின் மனிதர்கள் தங்களுக்கென்று ஒரு முகத்தைப் படத்தில் பெறுவதற்கு அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது. அந்த நூற்றாண்டின் நடுவே கணவாய் வழியாக இறங்கிய ஒரு படப்பெட்டியின் கதையே நான் சொல்லப் புகுவது.

லின்னேயஸ் டிரைப் என்பவர் 1822-இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள டெவன்போர்ட்டில் பிறந்தவர். இளம் பிராயத்திலேயே கும்பினியின் மதராஸ் படையில் சேர்ந்து, சுதேசிக் காலாட்படையின் 12-ஆவது ரெஜிமெண்டில் உத்தியோகம் பார்த்தவர். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் தாய்நாடு சென்றிருந்தபோது, அப்பொழுது புதுமையாக இருந்த போட்டோக் கலையில் அவருக்கு ஈடுபாடு பிறந்தது. லண்டனில் 1853-இல் அமைந்த போட்டோ சங்கத்திலும் அவர் சேர்ந்தார். திரும்பிவந்து பெங்களூரில் தங்கிய காலத்தில், 1854 டிசம்பரில், ஹளேபீடுக்கும் பேலூருக்கும் போய், ஹொய்சளர் கோயில்களைப் படம் பிடித்தார். அதைச் செய்யும்படி அவருக்கு யாரும் உத்தரவிடவில்லை; சம்பளமும் கிடையாது; அது விருப்பத்தின் பேரில் செய்த காரியம். அடுத்த ஆண்டு மதராஸில் நடந்த பொருட்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல்தரப் பதக்கம் கிடைத்ததும், உடனே பர்மாவின் ஆவா தர்பாருக்குச் சென்ற ஆர்தர் பேயரின் தூதுக்குழுவோடு சர்க்கார் அவரை அனுப்பியதும், அங்கிருந்து அவர் கொண்டுவந்தவற்றுள் 120 படங்கள் பிரசுரமானதும், இறுதியில் 1856-இல் மதராஸ் சர்க்காரின் போட்டோ அதிகாரி என்ற பதவியையே அவருக்குத் தந்ததும், ஒன்றிலிருந்து ஒன்றாக விளைந்தவை. விருப்பமாகத் தொடங்கிய ஒன்று உத்தியோகமாக மாறியது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். அப்படி மாறுவதால் விருப்பம் வளர்கிறதா, தேய்கிறதா என்பது அவரவர் அனுபவத்துக்கு விட வேண்டிய விஷயம். டிரைப்பின் விஷயத்தில் அது வளரவே செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சர்க்காருக்கு வேண்டியிருந்தது தஸ்தாவேஜு. புராதனக் கட்டிடங்கள் சிதைந்து போவதற்கு முன்பும், பழைய வழக்கங்கள் மறைந்து போவதற்கு முன்பும், அவற்றைச் சந்தேகத்துக்கு இடமின்றிப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பதே நோக்கம். வட இந்தியாவில் சிப்பாய்களின் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த 1857-ஆம் ஆண்டின் டிசம்பரில், டிரைப் தம்முடைய பெட்டிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து புறப்பட்டார். முதலில் வந்து இறங்கியது இராயக்கோட்டை. அங்கிருந்து அக்காலத்துச் சேலம் ஜில்லாவைக் கடந்து, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நாலரை மாத காலம் அந்த யாத்திரை நடந்தது. 1858-இல் வெளிவந்த தொகுதிகளுள் ஒன்றுக்கு இராயக்கோட்டையின் பெயரையே தலைப்பில் வைத்து, சேலம் ஜில்லாவின் பிற இடங்களையும் அதனோடு சேர்த்திருந்தார். மதுரைக்கும் தஞ்சைக்கும் தனித் தொகுதி கிடைத்ததில் வியப்பில்லை. கோபுரமோ மகாலோ இல்லாத, பாறையும் முட்புதரும் மண்டிய நம்முடைய கணவாய் நாட்டுக்கும் ஒன்று கிடைத்ததுதான் வியப்பு.

அவர் கையாண்ட முறையைச் சிறிது விரிவாகச் சொல்லாவிட்டால், இக்காலத்து வாசகர் அதன் அருமையை உணர முடியாது. மெழுகுத்தாள் முறை என்று அதற்குப் பெயர். குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் 1851-இல் வெளியிட்டது. மெல்லிய காகிதம் ஒன்றை எடுத்து, காய்ச்சிய இஸ்திரிப்பெட்டியால் வெண்மெழுகை அதன் நாரெங்கும் இறங்கும்படி தேய்க்க வேண்டும்; பின்னர் ஐயோடைடு உப்புகள் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்த வேண்டும்; அதன்பின் மெழுகுவர்த்தியின் மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, கழுவி, ஒற்றுத்தாளின் இடையே வைத்து ஈரம் போக்க வேண்டும். இவ்வாறு பதப்படுத்திய தாள் சில நாள் கெடாமல் இருக்கும். அக்காலத்தில் பரவிவந்த ஈரக் கண்ணாடித் தகட்டு முறையிலோ, படம் பிடிக்கும் இடத்திலேயே கூடாரம் போட்டு, ரசாயனம் கலந்து, ஈரம் உலர்வதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மலையேறிப் படம் பிடிப்பவருக்கு மெழுகுத்தாளே அனுகூலமாயிருந்தது என்பது இதனால் விளங்கும். தாளைப் பெட்டிக்குள் செலுத்தி, லென்ஸின் மூடியைக் கழற்றிவிட்டுப் பல நிமிஷம் காத்திருக்க வேண்டும். இரவில் முகாமுக்குத் திரும்பிய பிறகு, மாசிக்காயிலிருந்து எடுக்கும் காலிக் அமிலத்தில் அத்தாளை மணிக்கணக்காக மிதக்கவிட்டால், கோட்டையும் பாறையும் கறுப்பு வெளுப்பு மாறி மெல்ல மெல்ல எழும்பும். ஹைப்போவில் நிலைநிறுத்தி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசிய பிறகே அது நெகட்டிவ் என்ற பெயருக்கு உரியதாகும். நல்ல தண்ணீர் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு கஷ்டம் அடங்கியிருக்கும் என்பதை, பாராமகாலில் கோடையைக் கழித்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

இந்த முறைக்கு இரண்டு குணங்கள் இருந்தன. இரண்டும் நம்முடைய கதைக்கு முக்கியமானவை. முதலாவது, தாளுக்கு நீல ஒளி தெரிகிற அளவு பச்சையும் மஞ்சளும் தெரியா. ஆகையால் ஆகாயம் வெறுமையாக வெளுத்தோ திட்டுத்திட்டாகவோ போகும். மரங்கள் கரிய பிண்டங்களாகிவிடும். டிரைப் என்ன செய்தார் என்றால், நெகட்டிவின்மேல் தூரிகையால் வர்ணம் தொட்டு, இலைகளுக்கு வெளிச்சம் ஏற்றினார். பல படங்களில் மேகங்களையும் தாமே தீட்டினார். சர்க்கார் கேட்டது கோட்டை. மேகத்தை யாரும் கேட்கவில்லை. தஸ்தாவேஜுக்கு மேகம் எதற்கு? ஆனால் தாம் நின்று பார்த்த வானம் வெற்று வெளுப்பாகத் தாளில் கிடப்பதை அவருடைய மனம் ஒப்பவில்லை. உத்தியோகத்துக்கு உட்பட்டு உழைத்த ஒருவர் அந்த உத்தியோகத்துக்கு மேற்பட்ட தம்முடைய ஆத்ம திருப்தியை எங்கே வைத்தார் என்று யாரேனும் கேட்டால், இந்த மேகங்களைத்தான் நான் காட்டுவேன். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை, பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பிடித்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுமார் 19 அடி நீளச் சுருளாக அவர் செய்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே. கல்வெட்டு ஆராய்ச்சிக்கு அது பயன்பட்டது உண்மை; என்றாலும் பயன் ஒன்றையே கருதியவர் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்.

இரண்டாவது குணம் சற்றுக் கொடியது. லென்ஸ் பல நிமிஷம் திறந்திருப்பதால், அதன் எதிரே நடந்துபோனவர் யாரும் தாளில் பதிய மாட்டார். விறகுச் சுமையோடு மலையிறங்கிய பெண்ணும், மாடு ஓட்டிச் சென்ற சிறுவனும், ஒருகால் வேடிக்கை பார்க்கக் கூடிநின்று பிறகு அலுத்துப்போய்க் கலைந்தவர்களும், அசையாத பாறையின் முன்னே அடையாளமற்றுக் கரைந்துபோனார்கள். டானியல்கள் அளவுகோலாகவாவது நிறுத்திவைத்த மனிதரைப் படப்பெட்டி அடியோடு துடைத்துவிட்டது. ஜனசஞ்சாரமற்ற நாடுபோல் அந்தப் படங்கள் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். டிரைப்பின் மனோபாவத்தை அதற்காகக் குறைகூறுவது நியாயமாகாது.

அந்த உத்தியோகம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1859-இல் மதராஸ் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், கிளர்ச்சியால் வெறுமையாகிவிட்ட கஜானாவைக் கருதி, இந்தப் போட்டோ வேலை சர்க்காரின் நிதி நிலைமைக்குப் பொருந்தாத உயர்தர ஆடம்பரம் என்ற அபிப்பிராயத்தை எழுதிவைத்து, அதை நிறுத்தச் சொன்னார். 1860-க்குள் எல்லாம் முடிந்தது. டிரைப் தம் ரெஜிமெண்டுக்குத் திரும்பினார்; அதன்பின் முன்போல் அவர் படப்பெட்டியைத் தொடவில்லை; 1902-இல் தம் பிறந்த ஊரிலேயே காலமானார். சிக்கனத்தில் இவ்வளவு கண்டிப்பாயிருந்த டிரெவெல்யன், அதே 1860-இல், இந்திய சர்க்காரின் புதிய வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்த குற்றத்துக்காகத் தாமே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார் என்பது விதியின் வேடிக்கைகளில் ஒன்று. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. படம் என்பது ஆடம்பரமா, அவசியமா என்ற கேள்விக்குக் கணக்குப் புத்தகத்தில் விடை தேடினால் அவர் கண்ட விடைதான் கிடைக்கும். அதே கேள்விக்குக் கூலிக்கார ஜனங்கள் வேறு விடை சொன்னார்கள். அதைச் சொல்ல அவர்களுக்குச் சிறிது காலம் பிடித்தது.

இடையில் கலை கைமாறியது. டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-இல் தோற்றுவித்த மதராஸ் கலைப் பள்ளி, பின்னர் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்து கலைத்தொழிற் பள்ளியாக வளர்ந்தது. 1856-இல் மதராஸிலும் ஒரு போட்டோ சங்கம் ஏற்பட்டது. டிரைப்புக்கு உதவியாளராயிருந்து தொழில் பழகிய சி. அய்யாசாமி என்ற தமிழர், அந்தக் கலைத்தொழிற் பள்ளியில் போட்டோ ஆசிரியரானார். துரை பதவியிழந்து போன பிறகும், துரையிடம் கற்ற தமிழர் பிறருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது, டிரெவெல்யனின் பேனா முழுவதையும் அடித்துவிடவில்லை என்று தெரிகிறது. 1871-இல் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டை ரிச்சர்ட் மாடக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் வெளிப்படுத்தினார்; அடுத்த சில ஆண்டுகளில் அது திருந்தி, தகடுகள் கடையில் பெட்டியாகவே கிடைக்கத் தொடங்கின. நிமிஷக்கணக்கு விநாடிக்கணக்காயிற்று. அசைகிறவன் மறைந்துவிடுவான் என்ற சாபம் நீங்கியது. ஸ்டூடியோக்கள் மதராஸிலும் பெங்களூரிலும் தொடங்கி, பிறகு ஜில்லாத் தலைநகரங்களுக்கும், அங்கிருந்து சந்தை கூடும் ஊர்களுக்கும் பரவின.

எனினும் இந்தப் பக்கத்து ஜனங்கள் ஓடிப்போய் அதன்முன் உட்கார்ந்துவிடவில்லை. போட்டோ பிடித்தால் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கை தமிழ்நாடெங்கும் இருந்தது. பெரியவர்கள் சிலர் கடைசி மூச்சுவரை அதற்கு இசையவில்லை. அந்தக் காரணத்தாலேயே ஒரு விசித்திர வழக்கம் தோன்றிற்று: உயிரோடிருக்கையில் படம் பிடித்துக்கொள்ளாத பாட்டனாரை, மூச்சு நின்ற பிறகு குளிப்பாட்டி, நாமமோ திருநீறோ இட்டு, மாலை சூட்டி, நாற்காலியில் சார்த்தி உட்காரவைத்து, மக்களும் பேரர்களும் இரு புறமும் நிற்க, ஸ்டூடியோக்காரரை அவசரமாக வரவழைத்துப் பிடித்துவைப்பார்கள். நாகரிகர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அது இந்தச் சீமையின் மிகப் பழைய சம்பிரதாயம் ஒன்றின் தொடர்ச்சியாகவே படுகிறது. ஆநிரை மீட்கப் போரிட்டு மடிந்தவனுக்கு அவனுடைய உருவத்தைக் கல்லில் செதுக்கி, பெயரும் ஊரும் எழுதி நிறுத்தும் வழக்கம் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் வேரூன்றியிருந்ததைப் போல வேறு இடங்களில் காண்பது அரிது. வில்லும் வாளும் ஏந்தி ஒரு காலை முன்வைத்து நிற்கும் அந்த வீரர்கள் இன்றும் வயல் வரப்புகளில் வேடியப்பன் என்று பொங்கல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சின்னகொத்தூர்ப் பக்கம் போனால் அவை கூட்டமாகவே இருப்பதைப் பார்க்கலாம். இறந்தவனுக்கு உருவம் வேண்டும், அந்த உருவத்துக்குப் பூவும் புகையும் வேண்டும் என்ற எண்ணம் இங்கே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. ஆகவே சுவரில் மாட்டிய சட்டத்துக்கு மாலை போட இந்த ஜனங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அச்சம் தெளிந்த பிறகு ஸ்டூடியோ ஒரு சிறு நாடக மேடையாயிற்று. அரண்மனைப் படிக்கட்டும் தாமரைக் குளமும் தீட்டிய திரை. வளைந்த கால் வைத்த நாற்காலி. பக்கத்தில் முக்காலி, அதன்மேல் காகிதப்பூ ஜாடி. வேட்டிக்காரருக்கு இரவல் கொடுக்க ஒரு கோட்டு. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே, ஆயா, கொஞ்சம் நிமிருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க, என்று ஸ்டூடியோக்காரர் சொல்லும்வரை, வீட்டில் அந்த ஆயாவை நிமிரச் சொன்னவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். படம் எடுத்ததோடு வேலை தீர்ந்துவிடாது. நெகட்டிவைச் சாய்வு மேஜையில் வைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கன்னக் குழியையும் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். டச்சிங் என்று தொழில்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். டிரைப் மேகம் தீட்டிய அதே கைவேலைதான். இங்கே அது வானத்தை விட்டு முகத்துக்கு இறங்கியிருந்தது.

காவேரிப்பட்டினத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் நான் கண்ட ஒரு படத்தை இங்கே வர்ணிக்க அனுமதி வேண்டுகிறேன். போஸ்ட்கார்டு அளவு; ஓரங்களில் வெள்ளி பூத்து நீலம் பாரித்திருக்கிறது. நண்பரின் பாட்டனார் கோலார் தங்க வயலில் சுரங்க வேலை பார்த்த காலத்தில் அங்கேயே பிடித்து ஊருக்கு அனுப்பியது. இப்பகுதியிலிருந்தும் வடார்க்காட்டிலிருந்தும் அந்தச் சுரங்கங்களுக்குக் கூலிக்குப் போனவர் பலர். பூமிக்கடியில் சூரியனைக் காணாமல் உழைத்தவர்கள் அவர்கள். படத்தில் இருப்பவருக்கு இருபத்தைந்து பிராயம் இருக்கலாம். சலவை வேட்டி, இரவல் கோட்டு, காலில் செருப்பு இல்லை. இடது கையை முழங்காலின்மேல் புரட்டிவைத்து, மணிக்கட்டில் உள்ள கடிகாரம் லென்ஸுக்கு நேரே தெரியும்படி செய்திருக்கிறார். அந்தச் சிரமத்தால் தோள் ஒருபுறம் தூக்கிக்கொண்டிருக்கிறது. கடிகாரமும் இரவலோ என்னவோ, நண்பருக்குத் தெரியாது. பின்பக்கத்தில் யாரோ தெரிந்தவரைக் கொண்டு எழுதுவித்த இரண்டு வரிகள்: தாம் சௌக்கியம், தாயார் கவலைப்பட வேண்டாம். அவருடைய பேரராகிய என் நண்பர் பிற்காலத்தில் ஓசூரில் கடிகார ஆலை வந்தபோது அதில் வேலைக்குச் சேர்ந்தார் என்று நான் கதை கட்டினால் அழகாகத்தான் இருக்கும். உண்மையில் அவர் மாங்கூழ் வியாபாரம் செய்கிறார்.

ஒரு கூலிக்காரர் தம் வருமானத்தில் இந்த ஒரு துண்டுக் காகிதத்துக்காகச் செலவிட்டதை டிரெவெல்யன் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ அறியேன். நிதி நிலைமைக்குப் பொருந்தாத செலவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான சுரங்க நம்பர்களுள் ஒரு நம்பராக இருந்தவர், அந்தச் சில விநாடிகள் தாம் இன்னார் என்று தமக்கே தீர்மானித்துக்கொண்டு, எப்படித் தெரிய வேண்டுமென்று தாமே முடிவு செய்து, அந்த முடிவைத் தாயாருக்கு அனுப்பிவைத்தார். அவருடைய வாழ்க்கையில் அவரே தேர்ந்தெடுத்த காரியங்கள் எத்தனை இருந்திருக்கும்?

படித்தவர்களுள்ளும் இந்தப் பெட்டியில் தம் வாழ்வின் நோக்கத்தையே கண்டவர் உண்டு. செட்டிநாட்டுக் கோத்தமங்கலத்தில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார், தோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் போட்டோக் கலையை முறையாகப் பயின்றார். அதை வைத்து அவர் மதராஸில் ஒரு ஸ்டூடியோ திறந்து சுகமாக இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, காந்தியடிகளைப் பற்றிய படத் துணுக்குகள் உலகில் எங்கெங்கு இருக்கின்றன என்று கண்டங்கள்தோறும் அலைந்து தேடிச் சேர்த்து, 1940-இல் அவற்றை ஒரு முழு நீளச் செய்திப்படமாக வெளியிட்டார். சர்க்காரின் ஆதரவு இருந்திருக்க முடியாத காலம் அது; அடிகள் உயிரோடிருந்து, வெள்ளையர் ஆட்சியும் இருந்த காலம். படம் எடுத்தவர் தம்மைப் படத்தில் காட்டிக்கொள்வதில் அவ்வளவு கூச்சமுள்ளவர் என்று அவருடன் பழகியோர் சொல்வதுண்டு.

பிற்காலத்துக் கதையை வேகமாகக் கடந்துவிடலாம். நீலகிரியில் உதகமண்டலத்தில் 1960-இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஸ்தாபனம் ஏற்பட்டு, இந்து என்ற பெயரால் பிலிமும் பிரோமைடுத் தாளும் நம் நாட்டிலேயே உற்பத்தியாயின. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம் தரும் அக்ஃபா கிளிக் பெட்டிகள் ஆசிரியர்களின் வீடுகளிலும் ரெயில்வே உத்தியோகஸ்தர் வீடுகளிலும் புகுந்தன. பன்னிரண்டு என்ற எண்ணிக்கை மனிதரை யோசிக்கவைத்தது. குழந்தையின் காதுகுத்துக்கு எத்தனை, பொங்கலுக்கு எத்தனை என்று பங்கிட்டு, கடைசி ஒன்றை மாதக்கணக்கில் மிச்சம் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஓசூரில் தொழிற்பேட்டை பெருகி, லாரி ஆலையும் மோட்டார் சைக்கிள் ஆலையும் வந்தபின், காவேரிப்பட்டினத்திலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்டூடியோக்களின் பிழைப்பு பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு மாறியது. விண்ணப்பத்துக்கு மூன்று பிரதி, ஆலை அடையாளச் சீட்டுக்கு இரண்டு. 1993-இல் தேர்தல் கமிஷனர் டி. என். சேஷன் வாக்காளருக்கெல்லாம் படத்தோடு கூடிய அடையாள அட்டை வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். சர்க்கார் மறுபடியும் படப்பெட்டியோடு கிராமங்களுக்குள் இறங்கியது. 1857-இல் மனிதர் பதியாமல் போனார்கள். இம்முறை மனிதரைத் தவிர வேறொன்றும் பதியக்கூடாது என்பது விதி. அந்த அட்டைகளில் தம் முகத்தைப் பார்த்துத் திகைத்து, இது நானில்லை என்று சிரித்த கிழவிகளின் அபிப்பிராயம், கலை விமர்சனம் என்ற அளவில், முற்றிலும் சரியானதே.

பிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. அவற்றின் கண்ணாடித் தகடுகளில் பலவற்றை வெள்ளிக்காகச் சுரண்டினார்கள். சிலவற்றைக் கழுவி வெறுங்கண்ணாடியாக விற்றார்கள். பிலிம் நெகட்டிவ்கள் மூட்டையாகக் காயலான் கடைக்குப் போயின. டிரைப்பின் மெழுகுத்தாளும் அதிலிருந்து எடுத்த படங்களும் லண்டனிலும் வாஷிங்டனிலும் ஈரமும் வெப்பமும் அளந்து காக்கப்படும் அறைகளில் இருக்கின்றன. 2014, 2015 ஆண்டுகளில் அவ்விரு நகரங்களிலும் பெரிய காட்சியாகவும் வைக்கப்பட்டன. கவர்னர் ஆடம்பரம் என்று தள்ளிய சரக்குக்கு அவ்வளவு மரியாதை. நம்மவர் தாமாகக் காசு கொடுத்து உட்கார்ந்து பிடித்துக்கொண்ட முகங்களுக்கு அந்தக் கதி வாய்க்கவில்லை. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியால், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி எண்மப் பிரதி எடுத்துவைத்த முயற்சி ஒன்றுதான் இவ்வகையில் ஆறுதல் தருவது. அவர்களும் எல்லா ஊருக்கும் போய்விட முடியாது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்கு இடம் இருக்கிறது. அதன் ஒரு மூலையில் இந்த வட்டாரத்து ஸ்டூடியோ நெகட்டிவ்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கினால் கட்டிடம் இடிந்து விழாது.

அதற்கு நிதி இல்லை என்று பதில் வருமானால், அதுவரையில் வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் படத்தைச் சட்டத்திலிருந்து மெல்லக் கழற்றி, அதில் இருப்பவர் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று வீட்டிலுள்ள மூத்தவரை விசாரித்துப் பின்புறத்தில் எழுதிவைக்கலாம். பால்பாயின்ட் பேனா கூடாது. அதன் அழுத்தம் முன்பக்கத்து முகத்தில் வரியாக எழும்பும், மையும் நாளடைவில் ஊறிவரும். மெத்தென்ற பென்சில் போதும். மூத்தவர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து காபி குடித்து முடித்த வேளையே இதற்கு உகந்தது.